எளியோர் மொழி

தமிழ்மொழி ஒன்றே, ஆயினும் அதனைப் பேசும் முறை ஊருக்கு ஊர் மாறும். கடலோரத்தில் ஒரு வகை, வயல்வெளியில் ஒரு வகை, மலைமேல் ஒரு வகை என அதன் ஓசை பல. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து செல்லும் சாலை, கல்வராயன் மலைக்கு நம்மை ஏற்றிச் செல்கிறது. அம்மலையில் வெள்ளிமலைக்கு அருகே அமைந்த ஊர் கரியாலூர். அங்கும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழ்வோர் மலையாளிகள் என்னும் பெயர் கொண்ட பழங்குடி மக்கள். அப்பெயர் இங்கே கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. இவர்கள் பேசுவது தமிழே. எனினும் அப்பேச்சின் ஓசையும் சில சொற்களும் சமவெளியில் வாழ்வோர் செவிக்குப் புதியனவாகத் தோன்றும்.

அம்மலையிலிருந்து படிப்பின் பொருட்டுக் கீழே இறங்கி வரும் சிறுவன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். புதிய பள்ளியில் ஆசிரியர் ஒரு வினாக் கேட்கிறார். அவன் எழுந்து விடை கூறுகிறான். விடை சரியானதே. ஆயினும் அவன் சொல்லிய முறையைக் கேட்டுப் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுகிறது. மறுநாள் அவன் விடை தெரிந்தும் எழுவதில்லை. நாளடைவில், தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவனே நம்பத் தொடங்குகிறான். ஒருவனுடைய பேச்சை எள்ளுவது அவனைப் பெற்றவளையே எள்ளுவதாகும். அப்பேச்சை அவனுக்குக் கற்பித்தவள் அவளேயன்றோ?

இத்தகைய சிரிப்புக்கு விடையாக அமைந்த வாழ்க்கை ஒன்று உண்டு. பிறரைச் சிரிக்கச் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்மணியின் வாழ்க்கை அது. அவரே தமிழ்மக்கள் 'ஆச்சி' என்று அன்போடு அழைத்த நடிகை மனோரமா.

அவர் 1937ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தையின் ஆதரவு கிட்டவில்லை. தாய் தம் குழந்தையுடன் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரை அடைந்து, பிறர் இல்லங்களில் வேலை செய்து பிழைத்தார். வறுமையும் தாயின் நோயும் அச்சிறுமியின் படிப்பைப் பாதியில் நிறுத்தின. ஊருக்கு வந்த நாடகக் குழு ஒன்றில் பாடத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டியிருந்தது. அவ்வாய்ப்பு அவருக்குக் கிட்டியபோது அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. மேடை அவருக்கு மனோரமா என்னும் புதுப்பெயரையும், பசியைத் தணிக்கும் ஒரு தொழிலையும் தந்தது.

1958இல் வெளிவந்த 'மாலையிட்ட மங்கை' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. கவிஞர் கண்ணதாசன் தயாரித்த அப்படத்தில் அவர் ஏற்றது நகைச்சுவை வேடம். 1963இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சார் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் அவர் கதைத்தலைவியாகவும் நடித்தார். கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள அச்சேலத்தில் தலைவியாக விளங்கிய அவர், அதன் பின்னரும் துணை வேடங்களை ஏற்கத் தயங்கவில்லை. தலைவியரின் இளமைக்குத் திரையுலகம் ஓர் எல்லை வகுத்திருந்தது. தோழி, வேலைக்காரி, தாய், பாட்டி என்று வாழ்க்கையோடு சேர்ந்து வளரும் வேடங்களுக்கோ எல்லை இல்லை. தம் திருமண வாழ்வு நிலைக்காது போகவே, ஒரே மகனைத் தாமே வளர்க்கும் பொறுப்பையும் அவர் சுமந்தார்.

அவருடைய கலையின் உயிர்நாடி பேச்சே. 1967இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சோடு இயைந்த வேடத்தை ஏற்றார். 1968இல் வந்த 'பொம்மலாட்ட'த்தில் சென்னைத் தெருக்களின் பேச்சில் அமைந்த பாட்டைத் தம் குரலிலேயே பாடினார். 'சின்னக் கவுண்டர்' படத்தில் கொங்குநாட்டுத் தாயாக விளங்கினார். ஒரு வட்டாரத்தின் பேச்சை ஏட்டைப் பார்த்துக் கற்றல் இயலாது. சந்தையிலும் குழாயடியிலும் வாழும் மக்களின் அருகே நின்று செவி கொடுத்துக் கேட்டாலன்றி அது வாராது. செவி கொடுப்பது மதிப்புக் கொடுப்பதன் முதற்படியாகும்.

1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பா'ளில் அவர் ஏற்ற ஜில் ஜில் ரமாமணி, நாடகத்தில் ஆடிப்பாடிப் பிழைக்கும் பெண். சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த அப்பெருங்கதையில் அவள் வரும் காட்சிகள் சிலவே. எனினும் அவளுடைய வெள்ளை உள்ளத்தையும் வெகுளிப் பேச்சையும் மக்கள் மறந்தாரில்லை. 1986இல் வந்த 'சம்சாரம் அது மின்சார'த்தில் கண்ணம்மா என்னும் வேலைக்காரியாக வந்தார். அவள் பேசுவது சென்னை எளியோரின் பேச்சு. கற்றவர்கள் நிறைந்த வீட்டின் பூசலைத் தீர்க்க அவளுடைய அறிவும் வாய்த்திறனும் துணைநிற்கின்றன. அங்கே நாம் சிரிக்கிறோம்; ஆனால் கண்ணம்மாவைக் கண்டு சிரிக்கவில்லை, கண்ணம்மாவோடு சேர்ந்து சிரிக்கிறோம். வேலைக்காரியின் மகளாக வளர்ந்தவர், வேலைக்காரிக்குரிய பெருமையை அறியாதிருப்பாரோ?

திரைப்படம் எளியோர் பேச்சை இழிவு செய்யவில்லையா என்று சிலர் கேட்பர். செய்தது உண்டு. நாட்டுப்புறத்தானின் சொல்லையும் பணியாளின் நடையையும் கேலிப்பொருளாக்கிய காட்சிகள் பல. மனோரமா நடித்த படங்கள் யாவும் இக்குற்றம் நீங்கியவை என்று கூறுவதற்கில்லை. ஆதலின் நாம் வேறுபாட்டை அறிதல் வேண்டும். ஒருவரைத் தாழ்த்துவதால் பிறக்கும் நகை வேறு. ஒருவரை நெருங்குவதால் பிறக்கும் நகை வேறு. முன்னது வாயை அடைக்கும்; பின்னது வாயைத் திறக்கும். மனோரமாவின் சிறந்த வேடங்கள் பின்னதன்பாற் பட்டவை என்பதே என் கருத்து.

அங்ஙனமாயின் செந்தமிழைக் கற்க வேண்டுவதில்லையோ? கட்டாயம் கற்றல் வேண்டும். நூலும் மேடையும் அரசும் எல்லா ஊராருக்கும் பொதுவான மொழியிலே நடைபெறுகின்றன. ஆனால் புதிய ஆடையை உடுத்துவதற்காகப் பழைய ஆடையைத் தீயிலிட வேண்டுவதில்லை. மேடைத் தமிழில் பயின்ற மனோரமாவே தெருத்தமிழிலும் தேர்ந்து விளங்கினார்; ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

அவர் அடைந்த பெருமைகள் பல. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., என்.டி.ராமராவ், ஜெயலலிதா ஆகிய முதலமைச்சர் ஐவருடன் மேடையிலோ திரையிலோ நடித்தவர் அவர். ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்களில் நடித்தமைக்காகக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். 'புதிய பாதை' படத்திற்காகச் சிறந்த துணைநடிகைக்குரிய 1989ஆம் ஆண்டின் தேசிய விருதையும், 2002இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் மறைந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஏழைச் சிறுமியின் வாய்மொழியை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு நாடே கேட்டு மகிழ்ந்தது.

மாணவர்களே! கரியாலூரிலிருந்து வந்த அச்சிறுவன் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். அவன் நாளை எழுந்து பேசும்போது சிரிப்பொலி எழுமாயின் அதில் நீங்கள் சேராதீர்கள். அவன் சொல்லும் புதிய சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். காட்டையும் தேனையும் சாமையையும் பற்றி உங்களுக்குத் தெரியாத பலவற்றை அவன் கூறுவான். அன்று அவன் வாய் திறக்கும். உங்கள் தமிழும் வளரும்.