நிறம் மாறாத நீரும் நம் பொறுப்பும்

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீரின் நிறம், மணம், சுவை மாறியதா என்று பார்த்து உளூச் செய்யக் கற்ற சமுதாயம் நாம். அம்மூன்றும் மாறாமலேயே நீரைக் கெடுக்கும் ஒன்றை இன்று நாள்தோறும் அதில் கலந்து வருகிறோம். அதுவே நாம் உண்ணும் மருந்து.

விழுங்கும் மாத்திரையில் ஒரு பகுதி கழிவுடன் வெளியேறுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் அதைப் பிடிப்பதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. மருந்து ஆலைகளின் கழிவோ இன்னும் கொடியது. ஐதராபாத் அருகே பட்டன்செருவில், ஏறத்தாழ 90 மருந்து நிறுவனங்களின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்துண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட அது அதிகம். இத்தகைய நீரில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். நாளை நம் பிள்ளை நோயுறும்போது அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

அறிவியல் இதற்கொரு வழியைத் தேடுகிறது. உலோக அயனிகளையும் கரிமச் சேர்மங்களையும் பின்னி, நுண்துளைகள் நிறைந்த பொருள்களை உருவாக்குகிறார்கள். அவற்றுடன் இரும்பு ஆக்சைடின் காந்தத் துகள்களை இணைத்து நீரிலிட்டால், மருந்து மூலக்கூறுகள் துளைகளில் ஒட்டிக்கொள்கின்றன. பாத்திரத்துக்கு வெளியே காந்தத்தைப் பிடித்தால் துகள்கள் ஓரிடத்தில் திரள்கின்றன. சிறிதளவு கரைப்பானால் அவற்றைக் கழுவும்போது, நீரெங்கும் சிதறிக் கிடந்த மருந்து செறிந்து கிடைப்பதால் அளப்பதும் எளிதாகிறது. கழுவிய துகள்களை மீண்டும் பயன்படுத்தலாம். இத்துளைப் பொருள்களை உருவாக்கியமைக்காக 2025இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் ஒமர் யாகி. அவர் அம்மானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஆயினும், காந்தம் வந்து காப்பாற்றும் என்று நாம் காத்திருப்பது முறையன்று. இக்காந்தத் துகள்கள் பெரும்பாலும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. ஒரு நகரின் கழிவுநீர் முழுவதையும் அவற்றால் தூய்மையாக்குவது எளிதன்று. நம் வீட்டிலிருந்து செல்லும் மருந்தைக் குறைப்பதோ நம் கையில் உள்ளது. மருத்துவர் எழுதித் தராத ஆண்டிபயாடிக்கை வாங்காதிருப்போம். மீந்த மாத்திரைகளைத் தாமாகவே கழிவறையில் கொட்டாமல், அப்புறப்படுத்தும் முறையை மருந்தாளுநரிடம் கேட்டறிவோம். கேரளத்தில் தொடங்கியிருப்பதுபோல், மீந்த மருந்துகளைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை நம் உள்ளாட்சியிடம் ஜமாஅத்தாகச் சென்று கேட்போம்.

நம் குழாயில் வரும் நீர் நம்மோடு முடிவதில்லை. கீழ்க்கரையில் இருப்பவருக்கும் அது அமானிதம்.