கூபாவில் எசுப்பானியம்! கஞ்சித்தொட்டியில் ஆங்கிலமா?

இராயபுரத்தை அடுத்துள்ள அரசு மருத்துவமனைக்கு மக்கள் இட்ட பெயர் கஞ்சித்தொட்டி மருத்துவமனை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்திற் பட்டவர்க்குக் கஞ்சி வார்த்த சாவடியினின்று வளர்ந்தது அது. அங்கு எழுந்து 1938-இல் முழுக் கல்லூரியான மருத்துவக் கூடத்திற்கோ ஆளுநனாயிருந்த வெள்ளையன் இசுட்டான்லியின் பெயர்! வெள்ளையன் போயினான், பெயர் போகவில்லை, பயிற்றுமொழியும் போகவில்லை.

பெயரையேனும் பொறுக்கலாம், மொழியை எங்ஙனம் பொறுப்பது? 2023 திசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிக் கண்ணெரிந்து ஓடிய மீனவமக்கள் தம் நோவைச் சொன்னது தமிழில். அந் நோவை அறியும் கலையோ இங்கு ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடக்கின்றது.

அக் கலையைக் கற்க விழையும் திருவொற்றியூர்த் தொழிலாளியின் மகனுக்கு முதல் தடை தில்லி இட்ட ‘நீட்’ தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணால் மருத்துவ இடம் பெற்ற முறை 2017-இல் தமிழ்நாட்டினின்று பறிக்கப்பட்டது. இடங்கிட்டாதவர் வீட்டை ஈடுவைத்து உருசியா, சீனம், பிலிப்பைன், கரிபியன் தீவுகள் என ஓடுகின்றனர். முகவர்க்கு நல்ல அறுவடை! மீண்டு வந்தோர் எழுதும் தகுதித் தேர்விலும் ஆங்கிலமே. 2023 திசம்பரில் அதனை எழுதியோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே தேறினர்.

கரிபியன் தீவுகள் இருவகைப் பாடம் சொல்கின்றன. கிரனடாவில் 1976-இல் அமெரிக்கர் சிலர் ஒரு தனியார் மருத்துவப் பள்ளியை நிறுவினர். தாய்நாட்டில் இடங்கிட்டாத அமெரிக்க இளைஞர் பணங்கட்டிப் படிக்க வந்தனர். 1983 அத்தோபரில் அமெரிக்கப் படை அத் தீவில் இறங்கியபோது, அம் மாணவரின் பாதுகாப்பும் ஒரு சாக்காகச் சொல்லப்பட்டது. பள்ளி யாருடைய மொழியில் நடக்கிறதோ அவன் படையும் வரும்போலும்!

கூபாவோ வேறு. ஏறத்தாழ ஒரு கோடி மக்களே வாழும் அந் நாடு 1999-இல் அவானாவில் ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்து, ஏழைநாட்டு இளைஞர்க்குக் கட்டணமின்றிக் கற்பிக்கலாயிற்று. பயிற்றுமொழி எசுப்பானியம். அம்மொழி அறியாது வருவோர், அமெரிக்க மாணவராயினும், முதலில் அதைக் கற்றே ஆகவேண்டும். ஆங்கிலம் இன்றேல் உடல் அறுக்க இயலாதென்று அங்கு எவரும் புலம்பவில்லை.

எனின், அப் பள்ளியில் ஒரு தமிழ் இளைஞன் கற்று வந்தால்? தில்லியின் மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் இட்ட ஒழுங்குமுறையின்படி, அயல்நாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கில வழியினதாய் இருத்தல் வேண்டும். இன்றேல் இங்குத் தொழில் செய்ய உரிமமில்லை. ஆங்கிலத்திற்கு இங்ஙனம் காவல் நிற்கும் அதே தில்லியின் உள்துறை அமைச்சர் அமித்சா 2022 அத்தோபரில் போபாலில் இந்தி மருத்துவ நூல்களை வெளியிட்டார். வெளியே ஆங்கிலம், உள்ளே இந்தி! இவ்விரண்டிற்கும் இடையில் தமிழன் எங்கே நிற்பது?

தமிழில் கலைச்சொல் இல்லையென்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நோக்குக. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர் ஊரை விட்டு அரசுப் பணியும் நகரமும் நாடுவதைக் கண்டார்; 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மாணவர் துணையோடு உடற்கூறு, அறுவை, மகப்பேறு என ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழாயின. அங்காதிபாதம், இரண வைத்தியம் என நூற்பெயர்களில் வடசொல் மலிந்தது மெய்யே. அது அக்காலத்துக் குறை, தூயசொல் கொண்டு களையத்தக்கது. அந் நூல்கள் கொண்டு கற்றவர் தமிழ் ஊர்களில் நோய் தீர்த்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

1967 முதல் தமிழின் பெயரால் ஆண்டவர் எவரும் ஒரு கல்லூரியிலேனும் தமிழ்வழி மருத்துவ வகுப்பைத் தொடங்கவில்லை. தில்லியைக் குறைகூற வாய் திறக்குமுன் கோட்டையிலுள்ளோர் இதற்கு விடை சொல்லட்டும். கஞ்சித்தொட்டிக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 இடங்கள் உள. அவற்றுள் ஐம்பதை எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் மாணவர் தமிழிற் கற்கும் முதல் வகுப்பாக்க எவர் தடை?