குகேஷ் ஜெயித்தது அதிர்ஷ்டத்தாலா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கட்டிங், தையல், ஒட்டுதல் எல்லாம் தாண்டி வந்த ஷூ கடைசியில் செக்கிங் மேஜையில் தள்ளப்படும். தவறு கண்ணில் பட்டது அங்கே. நடந்ததும் அங்கேயா? விவரம் தெரிந்தவர் பின்னோக்கிப் போய் ஒவ்வொரு மேஜையாகப் பார்ப்பார்.

சதுரங்கம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மட்டும் ஏனோ இந்த விவரம் வருவதில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அன்றே பாட்டு ஆரம்பமாகிவிட்டது: "அவர் எங்கே ஜெயித்தார்? டிங் லிரென்தானே தோற்றார்!" முன்னாள் சாம்பியன் கிராம்னிக், இப்படி ஒரு சிறுபிள்ளைத்தனமான தவறால் உலகப் பட்டம் இதுவரை முடிவானதே இல்லை என்று எழுதினார். ரஷ்ய சதுரங்க சம்மேளனத் தலைவர் ஃபிலாடோவ் ஒரு படி மேலே போய் விசாரணையே கேட்டார்!

இரண்டும் அபத்தம். ஆட்டத்தையே பாருங்கள்.

13 ஆட்டங்களின் முடிவில் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. 14வது ஆட்டமும் டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டங்கள். வெள்ளைக்காய் வைத்திருந்த டிங், 29வது நகர்த்தலில் ஒரு சிப்பாயைக் கொடுத்து ராணிகளை வெட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் 3 சிப்பாய், டிங்கிடம் 2. எல்லாச் சிப்பாயும் ஒரே பக்கம். காப்பாற்றிவிடலாம் என்பது டிங்கின் கணக்கு. கணக்கு சரிதான். கம்ப்யூட்டரும் டிரா என்றுதான் சொன்னது.

குகேஷ் விடவில்லை. சிப்பாய்களை முன்னே தள்ளினார். 46வது நகர்த்தலில் 2க்கு 1 என்று ஆனது. அப்போதும் டிராதான். ஆனால் டிங் ஒவ்வொரு நகர்த்தலிலும் சரியாக ஆடியாக வேண்டும். குகேஷ் தவறு செய்தால் போவது வெறும் அரைப்புள்ளி ஆசை. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

53வது நகர்த்தலில் டிங் மந்திரியை ஏ8 மூலையில் வைத்தார். அதுவே தவறு அல்ல. ஆனால் மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு பாதை. 55வது நகர்த்தலில் யானையை எஃப்4-இலிருந்து எஃப்2-க்கு இறக்கி, "வெட்டிக்கொள்ளலாம் வா" என்றார். குகேஷ் வெட்டினார். ராஜா திருப்பி வெட்டியதும் கறுப்பு மந்திரி டி5-இல் வந்து நின்றது. முடிந்தது! அந்த ஒரே பாதையும் அடைபட்டுவிட்டதால் மந்திரிகளும் வெட்டுப்பட்டே தீர வேண்டும். மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். 58வது நகர்த்தலில் கறுப்பு ராஜா ஈ5-க்கு வந்து, ஈ3-இல் இருந்த வெள்ளை ராஜாவுக்கு நேர் எதிரே நின்றது. நகர வேண்டிய முறை டிங்குடையது. எங்கே விலகினாலும் கறுப்புச் சிப்பாய் ராணியாகிவிடும். டிங் கை கொடுத்துவிட்டார்.

ஆக, தவறில் பாதி 53-இல், பாதி 55-இல். மந்திரி பி7-இல் இருந்திருந்தால் ஏ6-க்கோ சி8-க்கோ தப்பியிருக்கலாம். யானைகளை வெட்டாமல் விட்டிருந்தால் மூலையில் நின்றதே யாருக்கும் நினைவிருக்காது. எஃப்2 மோசமான நகர்த்தல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது வானத்திலிருந்து குதிக்கவில்லை. ராணிகள் போன பிறகும் 25 நகர்த்தலுக்கு மேல் எதிராளியை நிமிரவிடாமல் உட்கார வைத்ததன் விளைச்சல் அது.

இனி கிராம்னிக் சொன்ன வரலாறு. 1892-இல் ஹவானாவில் ஸ்டைனிட்ஸுக்கு எதிரான 23வது ஆட்டத்தில், நல்ல நிலையில் இருந்த சிகோரின் தன் ராஜாவுக்குக் காவலாக நின்ற மந்திரியை நகர்த்தினார். இரண்டே நகர்த்தலில் மேட். பட்டப் போட்டியும் அதோடு முடிந்தது. அப்படியானால் "இதுவரை இல்லை" என்பது என்ன கணக்கு? 2006-இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினிக்கு எதிராக, ஒரே நகர்த்தலில் வரும் மேட்டைக் கவனிக்காமல் தோற்றவர் யார்? இதே கிராம்னிக்! அப்போது அவர்தான் உலக சாம்பியன். அதனால் அவர் சிறுபிள்ளை ஆகிவிட்டாரா? இல்லையே. டிங்குக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

திரையோரத்தில் கம்ப்யூட்டர் மதிப்பெண் ஓடும்போது யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம். பலகைக்கு முன்னால் அந்த மதிப்பெண் கிடையாது. நான்கு மணி நேரக் களைப்பும் ஓடுகிற கடிகாரமும்தான் உண்டு.

இது வெறும் ரசிகர் சண்டை என்றால் விட்டுவிடலாம். ஆனால் வேலூரிலும் ஆம்பூரிலும் ஆடப் பழகும் பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள். "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று சொல்லிக் கொடுத்தால், ராணிகள் வெட்டுப்பட்டதும் டிரா கேட்டுக் கை நீட்டத்தான் பழகுவார்கள். அன்று குகேஷும் கை நீட்டியிருந்தால் 55வது நகர்த்தல் என்ற ஒன்றே வந்திருக்காது.