மெட்டுக்கு அடியில்...

"ட்யூன் நல்லா இருந்தா போதும், மத்ததெல்லாம் சும்மா சத்தம்" என்று நம்ம ஹாஸ்டலில் ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்கு என் ஓட்டு கிடையாது!

1987-இல் வந்த 'நாயகன்' படத்தில் 'தென்பாண்டிச் சீமையிலே' மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. மெட்டு ஒன்றுதான், ஒவ்வொரு தடவையும் மனசு வேற மாதிரி கனக்கிறது. காட்சி பாதி காரணம். மீதி, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா மெட்டுக்கு அடியில் சேர்க்கிற சுரக்கூட்டம். அதுதான் ஹார்மனி.

சந்தேகமா? கீபோர்டில் வலது கையால் 'சி' கட்டையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையில் முதலில் சி மேஜர் கார்டு, அப்புறம் ஏ மைனர். மேலே சுரம் மாறவே இல்லை. ஆனால் வீடு வந்து சேர்ந்த நிம்மதி, யாரையோ தேடுகிற ஏக்கமாகிவிடும். ஆம்பூர் ஷூ மாதிரிதான்: பளபளப்பு மேல்தோலுக்கு, நடக்க வைப்பது சோல்.

நம்ம அணைக்கட்டுப் பக்கத் திருவிழா மேடைகளில் காசு மிச்சம் பிடிக்க முதலில் கழற்றி விடுவது பேஸ் கிடார்காரரைத்தான். பாட்டு வருகிறது, அழுகை வர மாட்டேன் என்கிறது. இந்த வருஷம் நம்ம காலேஜ் விழாவுக்காவது அவரையும் கூப்பிடுங்கப்பா!