திண்ணையில் தங்கிவிட்ட ஓட்டு

தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், எங்கள் தஞ்சாவூர்க்காரர்கள் உடனே சோழர் காலத்துக் குடவோலைக்குப் போய்விடுவார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நாம் ஓட்டுப் போட்டவர்களாம்! பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு வேறு சங்கதி சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குள் வயசும் உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். அது திருவுளச் சீட்டு. உழுதவனுக்கு அதில் இடமில்லை.

அவனுக்கும் ஓட்டு வந்தது 1952 பொதுத் தேர்தலில்தான். நாலெழுத்துப் படித்த மாதச் சம்பளக்காரர்களான நம்மில் பலர், அந்த ஓட்டை இன்று திண்ணையிலேயே வைத்துவிடுகிறோம். "என் ஒரு ஓட்டில் என்ன சார் ஆகிவிடப் போகிறது? எல்லாரும் திருடர்கள்!" ஓட்டுப் போடாததை ஏதோ விரதம் இருந்ததுபோலச் சொல்லிக்கொள்கிறார்கள். ஓட்டை விலைக்கு வாங்குகிறவருக்குச் செய்யும் தானம் இது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஊரில் 1000 ஓட்டு. அதில் 300ஐ ஒருவர் பணம் கொடுத்து வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேரும் வந்தால் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 500 பேர்தான் வந்தார்கள் என்றால் அதே 300 பாதிக்கு மேல். பணம் வாங்கினவரை அழைத்துவர ஆள் உண்டு, வராமலிருப்பவர் நீங்கள்தான். இத்தனை பேர் வந்தால்தான் தேர்தல் செல்லும் என்று நம் சட்டத்தில் இல்லை. பாதிக்கு மேல் பெற வேண்டும் என்றும் இல்லை. எண்ணியதில் எவருக்கு அதிகமோ அவருக்கு ஜயம். 'எவரும் வேண்டாம்' என்பதற்கு 2013 முதல் ஒரு பொத்தான் இருக்கிறது. சட்டசபைத் தேர்தலில் அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலும், அதற்கு அடுத்தபடியாக வந்த அபேட்சகரே எம்.எல்.ஏ.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. 2016 மே மாதம் தமிழ்நாடு முழுவதும் ஓட்டுப் போட்டபோது, தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் மட்டும் நடக்கவில்லை. ஓட்டுக்குப் பணம் தாராளமாகப் பாய்ந்தது என்று கமிஷன் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பர் 19ஆம் தேதிதான் மறுபடி நடந்தது. ராஜராஜன் ஊருக்குக் கிடைத்த கீர்த்தி!

இரண்டு பக்கமும் பணம் கொடுத்தால் என்ன செய்வது என்பார்கள். அப்போதுதான் வாங்கப்படாத ஓட்டுக்கு மதிப்பு ஏறுகிறது. அதே 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. நம் மேல வீதியில் ஒரு சிறகு வீடுகளில் அவ்வளவு பேர் இருப்பார்கள். செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளைப் பற்றி வழக்கு எழுந்தது. 2019இல் ஹைகோர்ட் மறுபடி எண்ணச் சொன்னது. முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது. 2021இல் அந்தச் சபையின் ஆயுளே முடிந்துவிட்டது. எண்ணுவதில் தகராறு வந்தால் தீர்க்கக் கோர்ட் இருக்கிறது, தாமதமானாலும். போடாத ஓட்டை எந்த ஜட்ஜ் எண்ணச் சொல்வார்?

திருடர்கள் என்பது நிஜமாகவே இருக்கட்டும். வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறவர் அதைச் சொல்லக்கூடாது.