யார் தைத்தது?

வினோத உடைப் போட்டி நமக்குப் பழக்கமான ஒன்று. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவிலும் பாடசாலை மைதானத்திலும் பிள்ளைகள் கிழவியாகவும் மீன் வியாபாரியாகவும் அரசனாகவும் வருவார்கள். நடுவர்கள் வரிசையை ஒருமுறை பார்ப்பார்கள். கூட்டம் யாரைப் பார்த்துக் கூடுதலாகக் கைதட்டியது என்பதையும் கவனிப்பார்கள். சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். அனிமே விழாவில் நடக்கும் உடைப் போட்டியையும் நாம் இதே கண்ணோடுதான் பார்க்கிறோம். அதனால், ஓர் அங்கிக்காக மகனோ மகளோ ஏன் மாதக்கணக்கில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பல வீடுகளில் விளங்குவதில்லை. அந்தப் போட்டி நடக்கும் முறையைப் படிப்படியாகப் பார்த்தால் அது விளங்கும்.

முதலில் சில சொற்கள். அனிமே என்பது ஜப்பானில் உருவாகும் அசைபடம். மங்கா என்பது அங்கே வெளியாகும் சித்திரக்கதை. இவற்றிலோ வீடியோ கேமிலோ வரும் ஒரு பாத்திரத்தின் உடை, முடி, ஆயுதம் எல்லாவற்றையும் அப்படியே செய்து அணிந்து, அந்தப் பாத்திரமாகவே நிற்பதற்குக் கொஸ்பிளே என்று பெயர். இத்தகைய ரசிகர்கள் ஒன்றுகூடும் விழாக்களில் இது முக்கிய நிகழ்ச்சி. கொழும்பில் 2015 முதல் நடந்துவரும் லங்கா கொமிக் கொன் இலங்கையில் பரவலாக அறியப்பட்டது. சென்னைக்கு இத்தகைய பெரிய விழா 2024 பெப்ரவரியில்தான் வந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் அது நடந்தது. இவை பெரியவை. சிறிய அனிமே விழா என்றால் பெரும்பாலும் ஒரு மண்டபம், சில கடைகள், ஒரு திரை, ஒரு மேடை. உடைப் போட்டி அங்கேயும் இருக்கும். பெரிய விழாவின் விதிகளையே சுருக்கி அங்கும் பின்பற்றுவார்கள்.

அந்த விதிகளின் நடுவே ஒரு கேள்வி இருக்கிறது: இதை யார் செய்தது? அது போட்டியோடு கூடவே பிறந்த கேள்வி. 1939இல் நியூயோர்க்கில் முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. ஃபொரஸ்ட் அக்கர்மன், மேர்ட்டில் டக்ளஸ் என்ற இருவர் எதிர்கால மனிதர்களின் உடையில் அங்கே வந்தார்கள். இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் டக்ளஸ் என்ற பெண். ஆனால் நெடுங்காலம் பேசப்பட்டவர் அக்கர்மன்தான். அடுத்த ஆண்டு சிக்காகோ மாநாட்டில் உடைப் போட்டியே வைத்தார்கள். டேவிட் கைல் என்பவர் சித்திரக்கதையில் வரும் மிங் என்ற கொடுங்கோலனாக வந்து பரிசு பெற்றார். அந்த உடையைச் செய்தவர் லெஸ்லி பெரி. அவரும் ஒரு பெண். ஆக, இந்த மரபின் முதல் பரிசே உடையைச் செய்தவருக்குப் போகாமல் அணிந்தவருக்குத்தான் போயிற்று.

பின்னர் வந்த விதிகள் பலவும் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகள் என்று கொள்ளலாம். ஜப்பானின் நகோயாவில் 2003இல் தொடங்கிய உலக கொஸ்பிளே உச்சிமாநாட்டில், போட்டியிடுபவர்களே தங்கள் உடையைச் செய்திருக்க வேண்டும். சிறிய விழாக்கள் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை. கடையில் வாங்கிய உடையோடும் மேடையேற விடுவார்கள். ஆனால் செய்திறனுக்குரிய புள்ளி அதற்குக் கிடைக்காது. வாங்கியதைப் பிரித்து, மாற்றித் தைத்திருந்தால், மாற்றிய பகுதிக்கு மட்டும் புள்ளி கிடைக்கும்.

இனி போட்டி நாள். பதிவுப் படிவத்தோடு ஒரு முன்மாதிரிப் படம் கேட்பார்கள். பாத்திரத்தை முன்னாலிருந்தும், முடிந்தால் பின்னாலிருந்தும் காட்டும் படம் அது. நடுவர் எல்லா அனிமேயையும் பார்த்திருக்க முடியாது. ஆகவே அவர் ஒப்பிடுவது இந்தப் படத்தோடுதான். மங்கலான படம் கொடுத்தவர் தன் நுணுக்கங்களைத் தானே மறைத்துக்கொள்கிறார்.

அடுத்தது முன்மதிப்பீடு. மேடைக்கு முன்னதாகவே, ஒரு மேசையில் நடுவர்கள் உடையைக் கிட்டத்தில் பார்ப்பார்கள். சில நிமிடங்கள்தான் கிடைக்கும். தையலை விரலால் தடவுவார்கள், விளிம்பைத் திருப்பிப் பார்ப்பார்கள், எப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள். சபைக்குத் தெரியாத இந்த நிமிடங்களில்தான் போட்டியின் பெரும்பகுதி தீர்மானமாகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

‘டீமன் ஸ்லேயர்’ கொயொஹாரு கொதொகே எழுதிய மங்கா. 2016இல் தொடங்கியது, 2019இல் அனிமேயானது. அதன் நாயகன் தன்ஜிரோ, பச்சையும் கறுப்பும் மாறி மாறி வரும் சதுரக் கட்டங்களிட்ட ஹவோரி அணிவான். ஹவோரி என்பது கிமோனோவின் மேல் போடும், முன்பக்கம் திறந்த தளர்வான அங்கி. உடம்புக்கு ஒட்டித் தைக்க வேண்டியதில்லை. துண்டுகள் எல்லாம் நேர்கோட்டில் வெட்டப்படுபவை. புதிதாகத் தையல் பழகுபவர்கள் இதைத் தெரிவு செய்வதற்கு அதுவே காரணம். ஆனால் இந்த எளிய அங்கியில்தான் பிழை ஒளிய இடமே இல்லை.

கட்டங்களை மூன்று வழியில் கொண்டுவரலாம். கட்டம் அச்சிட்ட துணியை வாங்கலாம். பச்சைத் துணியில் அச்சுத்தகடு வைத்துக் கறுப்புச் சாயம் தடவலாம். அல்லது ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியே வெட்டி ஒட்டுத்தையலாகச் சேர்க்கலாம். கடைசி வழி கடினமானது. முடிந்த சதுரம் 10 சென்ரிமீற்றர் வேண்டும் என்றால், நான்கு பக்கமும் 1 சென்ரிமீற்றர் தையலுக்கு விட்டு, 12 சென்ரிமீற்றராக வெட்ட வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் வெறும் 2 மில்லிமீற்றர் பிசகினால், பத்துச் சதுரம் தாண்டும்போது பிசகு 2 சென்ரிமீற்றராகிவிடும். நான்கு சதுரங்களின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும். முதுகின் நடுத்தையலிலும் தோளிலும் கை சேரும் இடத்திலும் கட்டங்கள் தொடர்ச்சி விடாமல் ஓட வேண்டும். பிறகு நடுவர் அங்கியின் உட்புறத்தைத் திருப்புவார். துணி ஓரங்கள் ஓவர்லொக் அடிக்கப்பட்டிருக்கின்றனவா, உள்துணி வைத்து மூடப்பட்டிருக்கின்றனவா, நூல் பிரிந்து தொங்குகிறதா என்று பார்ப்பார்.

அச்சிட்ட துணியை வாங்கியவர் தவறேதும் செய்யவில்லை. அவருக்குத் தையலுக்கான புள்ளி உண்டு, கட்டங்களுக்கான புள்ளி இல்லை, அவ்வளவுதான். இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. கேட்கும் முன்பே சொல்லப்பட்ட உண்மை, கேள்விக்குத் தடுமாறும் பதிலைவிட நடுவரிடம் மதிப்புப் பெறும். செய்துகொண்டிருக்கும்போது எடுத்த படங்கள் சிலவற்றைக் கைபேசியில் வைத்திருந்தால் பேச்சே தேவைப்படாது.

கவசமும் ஆயுதமும் வேறொரு கலை. இவற்றுக்கு அதிகம் பயன்படுவது ஈ.வி.ஏ. நுரைத்தாள், அதாவது இறப்பர்ச் செருப்பின் அடியிலும் குழந்தைகள் விளையாடும் பாயிலும் உள்ள மென்மையான தாள். சூடான காற்றுக் கருவியால் இதைச் சூடாக்கினால் வளைந்து கொடுக்கும். ஆறியதும் அந்த வளைவிலேயே நிற்கும். சூடு பட்ட மேற்பரப்பின் நுண்துளைகளும் மூடிக்கொள்வதால் வர்ணத்தை அது உறிஞ்சாது. செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் பசையே இதற்கும் ஏற்றது. இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். அந்தப் பசையின் ஆவி கெடுதலானது. யன்னலைத் திறந்துவைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். இந்தப் பசையை ரெஜிபோமில் பூசினால் ரெஜிபோம் கரைந்துவிடும் என்பதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். வாளுக்கு நடுத்தண்டாக மூங்கிலோ எஸ்லோன் குழாயோ போதும். உலோக வாளை அநேகமாக எந்த விழாவும் உள்ளே விடாது. வாசலிலேயே ஆயுதங்களைச் சோதிப்பார்கள். கண்டிக்குப் பக்கத்திலுள்ள பல்லேகலவிலிருந்து பஸ் ஏறிப் போகிறவர் தன் வாளைத் துணிப்பையில் மூடி எடுத்துச் செல்வது நல்லது.

இலங்கைக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. புத்தரையும் பௌத்தச் சின்னங்களையும் அனிமே சாதாரணமாகக் கையாளும். ஜப்பானில் அது பெரும்பாலும் யாரையும் உறுத்துவதில்லை. ‘செயிண்ட் யங் மென்’ என்ற மங்காவில் புத்தரும் இயேசுவும் டோக்கியோவில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். இங்கே நிலைமை வேறு. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியச் சுற்றுலாப் பெண் ஒருவர் 2014இல் நாடு கடத்தப்பட்டார். அது தவறு என்று 2017இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தாலும், அதற்கு மூன்று ஆண்டு பிடித்தது. தலதா மாளிகை இருக்கும் நகரத்தைச் சேர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கண்டி நடனத்தின் வெஸ் தலையணியும் அப்படித்தான். சடங்கு முடித்த நடனக் கலைஞர் மட்டுமே அணியும் உரிமை பெற்ற அணி அது. அதன் சாயலில் ஒன்றைச் செய்து அணிவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஐயம் இருந்தால் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

மேடை கடைசியில் வருகிறது. உலக உச்சிமாநாட்டில் இருவர் சேர்ந்து நடிக்க இரண்டரை நிமிடம் தருவார்கள். சிறிய விழாவில் நடந்து வந்து நின்று திரும்ப ஒரு நிமிடம் கிடைத்தாலே அதிகம். நேரத்தைச் சுருக்குவது நம் கலைக்குப் புதிதல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இதைத்தான் செய்தார். விடிய விடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தை, படச்சட்ட மேடையில் குறைந்த நேரத்தில் ஆடும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அங்கே உருவானவை. அந்தக் கூத்தர்கள் அறிந்த ஒன்றை அனிமே மேடைக்குப் போகும் பிள்ளைகளும் அறிய வேண்டும். உடையோடு ஆடிப் பழகாதவரை உடை ஆடவிடாது. தோள் கவசம் கையை உயர்த்த விடுகிறதா, ஹவோரியின் ஓரம் படியில் சிக்குகிறதா, விக் வியர்வையில் நழுவுகிறதா என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிட வேண்டும். கண்டிக் குளிரில் அணிந்து பார்த்த உடை கொழும்பு வெக்கையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

புள்ளிகள் பொதுவாகச் செய்திறனுக்கும் முன்மாதிரியோடு உள்ள ஒற்றுமைக்கும் மேடை நடிப்புக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். எதற்கு எவ்வளவு என்பது விழாவுக்கு விழா மாறும். அமெரிக்க உடைப் போட்டிகளில் நெடுங்காலமாக இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. புதியவர், தேறியவர், தேர்ந்தவர் என்று மூன்று நிலைகள். கீழ் நிலையில் உள்ளவர் விரும்பினால் மேல் நிலையில் போட்டியிடலாம். மேல் நிலையில் உள்ளவர் கீழே இறங்க முடியாது. சிறிய விழாவில் ஆட்கள் குறைவென்று இந்தப் பிரிவை விட்டுவிடுகிறார்கள். அப்போது முதல் அங்கியைத் தைத்த பதினாறு வயதுப் பிள்ளை, பல ஆண்டு அனுபவமுள்ளவரோடு ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது.

இப்போது அந்தப் பழைய கேள்விக்குத் திரும்பலாம். பல்லேகல என்றால் வெளியூரார் கிரிக்கெட் மைதானத்தை நினைப்பார்கள். இங்குள்ளவர்களுக்கு அது முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயமும்தான். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் இந்தப் பகுதியின் வீடுகளில் இருக்கிறார்கள். 2 மில்லிமீற்றர் பிசகு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் தைத்தவை பிற நாட்டுக் கடைகளில் தொங்குகின்றன. அவற்றில் தைத்தவரின் பெயர் இருப்பதில்லை. அப்படியொரு வீட்டிலிருந்து தன்ஜிரோவின் அங்கியோடு ஒரு பிள்ளை புறப்பட்டால், அதில் அம்மாவின் அல்லது சித்தியின் கை இருப்பது இயல்பு. தானே செய்திருக்க வேண்டும் என்ற விதியை எழுத்துக்கு எழுத்து வைத்தால், அந்தப் பிள்ளை ஒன்றில் உண்மையை மறைக்க வேண்டும், அல்லது போட்டியிலிருந்து விலக வேண்டும்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தனியாக உழைத்தவருக்கு அது பாதுகாப்பு. ஆனால் சிறிய விழாவுக்கு வளைந்து கொடுக்கும் வசதி உண்டு. புள்ளிப் பங்கீட்டைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிடலாம். முதல்முறை வருபவர்களுக்கென ஒரு பரிசை ஒதுக்கலாம். யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்று எழுத அதே படிவத்தில் ஓர் இடம் விடலாம். வீட்டார் சேர்ந்து செய்த உடையை இணைப் பதிவாக ஏற்றுக்கொள்ளலாம். பரிசு அறிவிக்கும்போது அணிந்தவரின் பெயரோடு தைத்தவரின் பெயரையும் வாசிக்கலாம். அறிவிப்பாளருக்கு அது சில விநாடி வேலைதான். 1940இல் லெஸ்லி பெரிக்கும் அந்தச் சில விநாடிகள் சேர வேண்டியவைதான்.

முன்மதிப்பீட்டு மேசைக்குத் தைத்தவரையும் அழைக்கலாம் என்பது என் எண்ணம். மூலைகள் எப்படிச் சேர்ந்தன என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.