விடாது கருப்பு: பேய் போய் நோய் வந்த கதை

90களில் சன் டிவி பார்த்து வளர்ந்தவங்க எல்லாம் கொஞ்சம் இங்க வாங்க. நீளமான த்ரெட்தான், நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

'மர்ம தேசம்'னு சொன்னாலே என் வயசுக்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது கதை இல்லை, சத்தம். குதிரைக் குளம்புச் சத்தம். ராத்திரி தெருவில் மாட்டு வண்டி போனாக்கூட போர்வையை இழுத்து மூடிக்கிட்ட கூட்டம் நாம.

தெரியாத இளசுகளுக்காக: இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், கே. பாலச்சந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு. வாரத்துக்கு ஒரு எபிசோடுதான். முதல்ல 'ரகசியம்' வந்தது. சித்தர்கள், நவபாஷாண லிங்கம்னு போகும். அப்புறம் வந்தது 'விடாது கருப்பு'. ஊர்ல தப்பு செய்யறவங்க சாகறாங்க, தண்டிக்கிறது கருப்பசாமிதான்னு ஊரே நம்புது.

அது ஏன் அவ்வளவு பயமா இருந்தது? அதே காலத்துல இந்தி சேனல்கள்லயும் பேய்த் தொடர்கள் வந்துச்சு. ரப்பர் முகமூடி, புகை, கோரப்பல். கொஞ்ச நேரத்துல சிரிப்பு வந்துடும். கருப்பு அப்படி இல்லை. அவர் நம்ம ஊர் எல்லையில நிக்கிறவர். நமக்கு மொட்டை போட்டு, காது குத்தி, கெடா வெட்டின சாமி. டிவியில பயந்துட்டு, லீவுக்கு ஊருக்குப் போனா அதே அருவா, அதே குதிரை கண்ணு முன்னாடி நிக்கும். வெளிநாட்டு ரத்தக்காட்டேரியால இதைச் செய்ய முடியாது.

அப்புறம் அந்த ஒரு வாரக் காத்திருப்பு! இப்போ மாதிரி ஒரே ராத்திரியில பத்து எபிசோடு பார்த்து முடிக்கிற கதையே கிடையாது. ஏழு ராத்திரி பயத்தை நாமளே மனசுக்குள்ள வளர்க்கணும். நிறைய வீடுகள்ல பாத்ரூம் கொல்லைப்புறத்துல இருக்கும். துணைக்கு வர அண்ணன் காசு கேட்பான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

அந்தத் தொடரோட முடிச்சு என்ன? (கால் நூற்றாண்டு தாண்டியாச்சு, ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.) சாமியும் இல்லை, பேயும் இல்லை. ஒரே ஆளுக்குள்ள இன்னொரு ஆள். அப்போ 'மல்டிபிள் பர்சனாலிட்டி'னு சொல்லுவாங்க. 1994லேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதை 'டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்'னு பேர் மாத்திட்டாங்க.

இதை நான் சின்ன விஷயமா நினைக்கலை. மலையாளத்துல 'மணிச்சித்திரத்தாழு' 1993லேயே பேய்க்குப் பின்னாடி இருக்கிற மனசைக் காட்டிடுச்சு. தமிழ் சினிமாவுல 'சந்திரமுகி'யும் 'அந்நியன்'னும் வந்தது 2005ல. அதுக்குப் பல வருஷம் முன்னாடியே, பாட்டி முதல் பேரன் வரை பாய் போட்டு உட்கார்ந்திருந்த கூடத்துல, 'இது பிடிச்ச பேய் இல்லம்மா, வந்த நோய்'னு ஒரு டிவி தொடர் சொல்லிடுச்சு. எந்த விழிப்புணர்வு முகாமுக்கும் அத்தனை கூட்டம் சேர்ந்திருக்காது.

அது எவ்வளவு அவசியமா இருந்ததுன்னு புரிய ஒரு தேதி போதும். 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளைத் தங்க வெச்சிருந்த ஒரு கொட்டகையில தீப்பிடிச்சது. சங்கிலியில கட்டியிருந்ததால அவங்களால ஓட முடியலை. 28 பேர் இறந்தாங்க. குணமாகும்னு நம்பித்தான் குடும்பங்கள் அங்க கொண்டுபோய் விட்டாங்க.

இன்னிக்கும் ஓபியில கேட்கிற வசனம்: "கோடங்கிகிட்ட காட்டிட்டோம், வேப்பிலை அடிச்சாச்சு, கயிறும் கட்டியாச்சு. கடைசியா உங்ககிட்ட வந்திருக்கோம் சார்." வந்ததுக்குச் சந்தோஷம். ஆனா அந்தக் 'கடைசியா'ங்கிற வார்த்தைக்குள்ள சில சமயம் ரெண்டு மூணு வருஷம் ஒளிஞ்சிருக்கும். மனச்சிதைவு நோய்க்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அதுக்காக அம்மன் கோயில் கொடையில சாமியாடுற அக்காவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வராதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலே இதைத் தெளிவா பிரிக்குது. மதச் சடங்கோட பகுதியா வந்து போற அருள் நோய் இல்லை. தன்னை மீறி, அந்தச் சூழலுக்கு வெளியில திரும்பத் திரும்ப வந்து, வாழ்க்கையைக் கெடுத்தாத்தான் அது நோய்.

இப்போ என் குறை. ரொம்ப நாளா மனசுல இருக்கிறது.

பேயை இறக்கிவிட்ட அதே இடத்துல நம்ம கதைகள் நோயாளியை ஏத்தி உட்கார வெச்சிடுச்சு. 'விடாது கருப்பு' மட்டும் இல்லை, பின்னாடி வந்த படங்களும்தான். முடிச்சு அவிழும்போது 'மனநோய்'னு ஒரு வார்த்தை வரும், அது கொலைகாரனோட இன்னொரு பேரா இருக்கும். நிஜத்துல, பல ஆளுமைக் கோளாறு அரிதானது. பெரும்பாலும் சின்ன வயசுல பட்ட கொடுமையோட தொடர்புடையது. அவங்க அதிகமா காயப்படுத்திக்கிறது தங்களைத்தான். பொதுவாவே மனநோய் உள்ளவங்க அடிக்கிறதைவிட அடிவாங்கறதுதான் ஜாஸ்தி.

இன்னொரு குழப்பமும் உண்டு. மனச்சிதைவுன்னா மனசு ரெண்டா பிளந்து இன்னொரு ஆள் வர்றதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. படிச்சவங்ககூட. பேர் செஞ்ச வேலை அது. காதுல யாரோ பேசற மாதிரி கேட்கிறது, எல்லாரும் தனக்கு எதிரா சதி பண்றாங்கன்னு உறுதியா நம்பறது, இதெல்லாம்தான் மனச்சிதைவு. உலகத்துல சுமார் 300 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. உங்க தெருவுலயும் இருக்கலாம். மாத்திரை போட்டுட்டு, வேலைக்குப் போயிட்டு, உங்களுக்குத் தெரியாமலே. தெரிஞ்சா வீடு வாடகைக்குக் கிடைக்காதுங்கிற பயத்துல சொல்ல மாட்டாங்க. அந்தப் பயத்துல நம்ம சினிமாவுக்கும் சீரியலுக்கும் பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

இதனால தொடரைத் திட்டறேன்னு எடுத்துக்காதீங்க. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர்ல காலமானப்போ என் டைம்லைன் முழுக்கக் குதிரைக் குளம்புச் சத்தம்தான். பயமுறுத்தின ஒரு மனுஷனுக்கு அத்தனை பேர் நன்றி சொன்னதை நான் வேற எங்கயும் பார்த்ததில்லை.

யூடியூப்ல தேடினா கிடைக்குது. பத்து வயசுக்கு மேல இருக்கிற பிள்ளைங்களோட உட்கார்ந்து பாருங்க, போனைக் கையில குடுத்துட்டுப் போயிடாதீங்க. கடைசி எபிசோடு முடிஞ்சதும், 'அந்த ஆளுக்கு டாக்டர் சீக்கிரமே கிடைச்சிருந்தா கதை எப்படிப் போயிருக்கும்?'னு அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

வீட்ல யாருக்காவது இந்த மாதிரி சந்தேகம் இருந்தா டெலி மானஸ், 14416. இலவசம், ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். கருப்புக்குப் பொங்கல் வெச்சுட்டே கூப்பிடலாம், அவர் கோவிச்சுக்க மாட்டார்.